மருதாசலத்தின் மறுநடவு

மருதாசலத்தின் நெற்றி முப்பது வயது வரைக்கும் தன் எல்லைக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அதற்கும் நிலம் வாங்கிப் போடுகிற ஆசை வந்துவிட்டது. முதலில் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வளைத்துப் போட்டது. பிறகு நடுவிலும் மெல்ல மேலே ஏறியது. கோபிசெட்டிபாளையத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையும் வாய்க்கால் ஓரமாக இரண்டு ஏக்கர் நெல்வயலும் வைத்திருக்கிறவனுக்கு இது ஒரு நஷ்டமே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கிளட்ச் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே தவிர, கடைக்காரன் தலையைப் பார்க்க மாட்டார்கள். அவனும் கவலையில்லாமல்தான் இருந்தான், கல்யாணப் பேச்சு எடுக்கிற வரைக்கும்.

கொங்கு நாட்டில் வயது ஏறிய பையனுக்குப் பெண் தேடுவது என்ன பாடு என்று தேடியவர்களைக் கேட்டால் தெரியும். ஜாதகம் ஊர் ஊராகப் போய் ஓரம் மடங்கித் திரும்பி வரும். அப்படிப் போன ஒன்றுக்குப் பதிலாக, கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் காளிச்சாமி வீட்டிலிருந்து அவர் மகள் லோகப்பிரியாவின் போட்டோ வந்தது. கண்ணில் வெயில் பட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிற மாதிரி இருந்தாள். மருதாசலம் அந்தப் போட்டோவைப் பார்த்த அன்றைக்கு ஒரு வாடிக்கையாளருக்குக் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று ஆகிவிட்டது. இந்தப் பெண் கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டான்.

இவன் பக்கத்திலிருந்து போன போட்டோ, சித்திரையில் கோபி ஸ்டுடியோவில் எடுத்தது. நீலச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, ஏறிய நெற்றி, கூச்சச் சிரிப்பு. எதையும் மறைக்கவில்லை. மறைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசியவர் நவநீத், மருதாசலத்தின் அக்கா புருஷன். இந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் நடுவில் நின்று பேசுகிறார் என்றால், அவரைத் தாண்டிக்கொண்டு ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குப் போன் போட மாட்டார்கள். போட்டால் அவர் மனசு சங்கடப்படும். அவர் மனசு சங்கடப்படாமல் இருப்பதற்காக இரண்டு வீடும் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும். நவநீத் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் புடிச்சுதாம் மாப்ள. நெலம், கடை, கொணம், எல்லாம். நெத்தியத்தான் கொஞ்சம் யோசிக்கறாங்க. ஒரு வருசம் பொறுத்துக்கறோம், ஏதாச்சும் பண்ணிக்கிட்டு வரட்டும்ங்கறாங்க."

"அந்தப் புள்ளயும் அப்படித்தான் சொல்லுச்சுங்களா மச்சான்?"

"புள்ளைக வாயில சொல்லுமா? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" என்றவர், தன் முன்தலை முடியை விரலால் ஒரு தரம் தூக்கி விட்டுக்கொண்டார். "நீ ஒண்ணும் கவலைப்படாத. நான் நட்டுக்கிட்ட எடத்துக்கே உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சிகாலயம் மறுமுடி ஆராய்ச்சி மையம் சரவணம்பட்டியில் இருந்தது. அந்தப் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. அங்கே வேலை பார்த்த பையன்களுக்கு முடி கொட்டியது. சிகாலயம் வந்தது. உள்ளே போவதற்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும், தொப்பி இருந்தால் அதையும் கழற்றி ஒரு கூடையில் போட வேண்டும். வாசலில் குத்துவிளக்கு எரிந்தது. சுவர் முழுக்கத் தங்க நிறச் சட்டம் போட்ட படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஆள் இரண்டு தடவை. இடதுபக்கம் 'முன்' என்ற எழுத்துக்கு மேலே பரிதாபமாகவும், வலதுபக்கம் 'பின்' என்ற எழுத்துக்கு மேலே பணக்காரராகவும் இருந்தார். வந்திருந்தவர்கள் அந்தப் படங்களுக்கு முன்னால் கொஞ்சம் நின்று, கண்ணை மூடித் திறந்து, பிறகுதான் நாற்காலிக்குப் போனார்கள்.

சிகாலயத்தில் நோயாளி என்ற சொல் கிடையாது. வருகிறவர் எல்லாரும் நிலச்சுவான்தார். வழுக்கை என்ற சொல்லும் கிடையாது. அதற்கு வாய்ப்பு என்று பெயர். மருதாசலம் தெரியாமல் "வழுக்கை" என்று சொல்லிவிட்டபோது, வரவேற்பில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் தனித்தனி ஆலோசகர் உண்டு. திருப்பூர்க்காரர் என்றால் ஊசி நூல் தெரிந்த ஒருவர் வந்து, இது தையல்தான் என்று சொல்வார். பொள்ளாச்சிக்காரருக்குத் தென்னம்பிள்ளை. கோபி என்று சொன்னதும் மேக்னா என்ற பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு மேலே நெற்கதிர் படம் போட்ட வில்லை குத்தியிருந்தாள்.

"உங்களுக்கு நான் சொல்லித் தரோணும்னு ஒண்ணுமில்லீங் சார். முன்னாடி இருக்கறது உங்க வயலு. பின்னாடி இருக்கறது நாத்தங்கால். பின்னாடி புடுங்கி முன்னாடி நடறோம். அவ்வளவுதானுங்க."

மருதாசலம் வயல்காரன். அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நாத்தங்கால்ல எல்லாத்தயும் புடுங்கிப்போட்டா அங்க என்னங்க இருக்கும்?"

"அது பின்னாடிங்க சார். உங்களுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியாத ஒண்ணுக்காக நீங்க எதுக்குங்க கவலைப்படறீங்க?"

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் தலையாட்டினார். அவனும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைச் சிகாலயத்தார் உடனே போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து கோடு போடும் விழா. குடும்பத்தோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அம்மா ராசாத்தாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலைக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். நாதஸ்வரம் ஒலிநாடாவில் ஒலித்தது. டாக்டர் வெங்கடபதி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தட்டில் வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் ஊதா நிறப் பேனா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். போடுவதற்கு முன்னால் பேசினார்.

"அம்மா, ஐயா, நான் கோடு போடறவன். இந்தக் கோடு போடறதுக்குத்தாங்க நான் அத்தனை வருசம் படிச்சேன். மரத்துப்போறதுக்கு ஊசி போடறது, தோண்டறது, புடுங்கறது, நடறது எல்லாம் நம்ம பசங்க பாத்துக்குவாங்க. தங்கமான பசங்க. போன மாசம்தான் சேர்ந்தாங்க, கை சும்மா துறுதுறுன்னு இருக்குது. ஒரு விசயத்துல நாங்க ரொம்ப நேர்மைங்க. நட்டது முளைச்சா அது சிகாலயத்தோட சாதனை. முளைக்கலைன்னா அது உங்க பரம்பரை. பொறுப்பை ஆரம்பத்துலயே சரியாப் பிரிச்சு வெச்சிருக்கோம். பின்னால யாருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். ராசாத்தாளும் தட்டினார். டாக்டர் மருதாசலத்தின் நெற்றியில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். கண்ணாடியில் பார்த்தபோது கோடு புருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது போல மருதாசலத்துக்குப் பட்டது. கொஞ்சம் மேலே போட்டால் தேவலை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டாக்டர் அடுத்த அறைக்கு, அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார். நாதஸ்வரமும் அவரோடு போய்விட்டது.

நடவு நாளன்று முதலில் தலையை மொட்டை அடித்தார்கள். முடி வேண்டும் என்று வந்தவனுக்கு இருந்த முடியையும் எடுத்துவிடுவது அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்கள். பிறகு ஊசி. "எறும்பு கடிக்கறாப்பல இருக்குமுங்க" என்றான் ஒரு பையன். எந்தக் காட்டு எறும்பு என்று சொல்லவில்லை. கட்டிலில் முகத்துக்கு ஒரு ஓட்டை வைத்துக் குப்புறப் போட்டார்கள். அதற்கப்புறம் வெகுநேரம் மருதாசலத்துக்குத் தெரிந்தது தரையும், தரையில் நடமாடிய ரப்பர் செருப்புகளும் மட்டும்தான். பின்னந்தலையில் மெஷின் விர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுப்பினார்கள். ஊதாத் தொப்பி போட்ட நிலச்சுவான்தார்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டார்கள். பிறகு மல்லாக்கப் போட்டு நட ஆரம்பித்தார்கள். தலைமாட்டில் இரண்டு குரல் கேட்டது.

"இது எந்தப் பக்கம் சாஞ்சாப்பல நடோணும்?"

"கோட்டுக்கு மேல நடச் சொன்னாரு. பக்கம் ஒண்ணும் சொல்லல."

"ஏனுங்க தம்பி, டாக்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்களே" என்றான் மருதாசலம், கண்ணை மூடிக்கொண்டே. கேட்டார்கள். டாக்டர் வெங்கடபதி அந்த நேரம் திருப்பூர்க் கிளையில் கோடு போட்டுக்கொண்டிருந்ததால் வீடியோ காலில் வந்தார். "அருமை, அருமை! அடர்த்தி பிரமாதமா வந்திருக்குது" என்று குரல் கேட்டது. போனைப் பிடித்திருந்த பையன் காமிராவை இன்னும் திருப்பியிருக்கவில்லை. அது மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் படுத்துத் தூங்கக்கூடாது, சாய்ந்துதான் தூங்க வேண்டும். வெயில் ஆகாது, ஹெல்மெட் ஆகாது, தும்மல் வந்தால் யோசித்துத் தும்ம வேண்டும். கொடுத்த மருந்துத் தண்ணீரை அடிக்கொருதரம் தலையில் தெளிக்க வேண்டும். மருதாசலம் கடையைப் பூட்டிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பூச்செடிக்குத் தெளிப்பது போலத் தன் தலைக்குத் தெளித்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து நெற்றி வீங்கியது. அந்த வீக்கம் கீழே இறங்கி இறங்கி, விடிந்து பார்த்தால் கண் இரண்டும் மூடிக்கொண்டது. காப்பி கொண்டுவந்த ராசாத்தாள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, "என்ற சாமி, உன்னைய யாரு கண்ணு அடிச்சாங்க?" என்று கத்தினார். சிகாலயத்துக்குப் போன் போட்டார்கள்.

"வாழ்த்துகள்ங் சார்!" என்றாள் மேக்னா. "தண்ணி கடைமடை வரைக்கும் பாஞ்சிருக்குது. வீக்கம் தானா வத்திப்போயிரும்."

வீக்கம் வற்றியது. அந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னது சரிதான். பக்குகள் உதிர்ந்தபின் கோட்டுக்கு மேலே முடி முள்முள்ளாக நிற்பதைப் பார்த்து மருதாசலம் சந்தோஷப்பட்டான். லோகப்பிரியாவின் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க அம்மணி என்று மனசுக்குள் சொன்னான். அடுத்த மாதம் அந்த முடியெல்லாம் தலையணையில் கிடந்தது.

"வாழ்த்துகள்ங் சார்! உதிர்தல் பருவம் ஆரம்பிச்சிருச்சு. எல்லாருக்கும் இப்படித்தானுங்க. நாலு மாசத்துல முளைக்க ஆரம்பிக்கும், வருசம் திரும்பறப்ப முழுசா வந்துரும்."

"அம்மணி, நட்டது மட்டும் இல்லீங்க. முன்னாலயே இருந்ததும் சேந்து உதுருது."

"புதுசு தனியாப் போக பயப்படுமுங்க சார். பழசு தொணைக்குப் போகும். கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி வந்துரும்."

உதிர்தல் பருவத்தில் இருந்தவர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, கேக் வெட்டி, ஆளுக்கொரு சீப்பு பரிசு கொடுத்தார்கள்.

சொன்னபடி முளைத்தது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. சிலது கிழக்கே பார்த்தது, சிலது மேற்கே பார்த்தது. துணைக்குப் போன பழசு திரும்பி வரவில்லை. பின்னந்தலை கோழி கிளறிய குப்பைமேடு போல ஆகியிருந்தது. மருதாசலம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, போன வருஷம் இருந்த ஏறிய நெற்றியை நினைத்து ஏங்கினான். அதற்கு எண்ணெய் வைத்துச் சீவியது எல்லாம் ஞாபகம் வந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மறுபடி சரவணம்பட்டிக்குப் போனான். இந்தத் தடவை பெரிய வரவேற்பு. அவனை நிற்க வைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, முகத்துக்கு நேராக டியூப்லைட்டைத் திருப்பி, சிரிக்க வேண்டாம் என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "சார், இந்த மாதிரி ஒரு தலையைத்தானுங்க நாங்க ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தோம்." தன் கஷ்டம் இவர்களுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது என்று மருதாசலத்துக்கு மனசு ஆறியது.

கொஞ்ச நாளில் கடைக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்துக் கைகொடுக்க ஆரம்பித்தார்கள். "பொள்ளாச்சி ரோட்டுல பாத்தேனுங்க. பிரமாதம்! எப்ப அப்படி ஆவீங்க?" என்று ஒரு டிராக்டர்காரர் கேட்டார். எப்படி ஆவது என்று புரியாமல் மருதாசலம் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். கிணத்துக்கடவுக்குள் நுழைகிற இடத்தில், தென்னைமர உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை நின்றது. அதில் அவன் இருந்தான், இரண்டு தடவை.

இடதுபக்கம், 'முன்' என்ற எழுத்துக்கு மேலே, இப்போதைய மருதாசலம். டியூப்லைட் வெளிச்சத்தில், ஈரத் தலையோடு, கோழி கிளறிய மாதிரி. வலதுபக்கம், 'பின்' என்ற எழுத்துக்கு மேலே, போன சித்திரையில் கோபி ஸ்டுடியோவில் நீலச் சட்டை போட்டு எடுத்த மருதாசலம். கீழே, 'மருதாசலம், கோபி. நம்பினார், நிமிர்ந்தார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கெட்டுப்போன தலையை 'முன்' ஆக்கி, கெடுவதற்கு முந்தைய தலையை 'பின்' ஆக்கி வைத்திருந்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டோரத்தில் நின்று அவன் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து போனில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினான். ராசாத்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பின்னுல ராசாவாட்ட இருக்கற கண்ணு. இப்படி ஆயிட்டீன்னா ஊரே திரும்பிப் பாக்கும்."

"அம்மா, அது போன சித்திரையில எடுத்ததுங்கம்மா. நம்ம ஸ்டுடியோவுல. ஜாதகத்தோட அனுப்புனமே."

"போ கண்ணு. போன சித்திரையில நீ இப்படி இருந்திருந்தா, எதுக்கு முடி நட்டுக்கப் போற?"

முப்பத்தைந்து வருஷம் சோறு போட்ட அம்மாவுக்கே அவன் முகம் ஞாபகம் இல்லை, பலகை சொன்னதுதான் ஞாபகம்.

மறுநாள் காலையிலேயே சரவணம்பட்டிக்குப் போய், தொப்பியைக் கூடையில் போடாமல், நேராக டாக்டர் அறைக்குள் நுழைந்தான். வெங்கடபதி எழுந்து நின்று வரவேற்றார்.

"படத்த மாத்திப் போட்டிருக்கீங்க" என்றான் மருதாசலம்.

"ரெண்டு படமும் உங்களுதுதானுங்களே?"

"என்னுதுதானுங்க. ஆனா முன்னது பின்ன இருக்குது, பின்னது முன்ன இருக்குது."

"உக்காருங்க. நிதானமாப் பேசலாம்" என்றார் டாக்டர். "பலகையில நாங்க எங்கயாச்சும் தேதி போட்டிருக்கோமா? இல்லையே. முன்னுன்னா, நீங்க ரெண்டாவது நடவு பண்ணிக்கறதுக்கு முன். பின்னுன்னா, பண்ணிக்கிட்டதுக்குப் பின். நீங்க ரெண்டாவது நடவு பண்ணிக்கிட்டீங்கன்னா பலகையில இருக்கறது உண்மையாயிரும். பண்ணிக்கலைன்னாத்தான் அது பொய். அப்படிப் பாத்தா, பொய் சொல்றது யாருங்க? எங்க பலகையை உண்மையாக்கற பொறுப்பு உங்க கையில இருக்குது. எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும், சொல்லுங்க?"

மருதாசலம் உட்காராமலே கேட்டான். "அந்த போட்டோ உங்களுக்கு யாருங்க குடுத்தது?"

"உங்க மச்சான்தானுங்க. அவரு நம்ம சிகாலயத்தோட குடும்பத் தூதராச்சே, தெரியாதா? உங்களைக் கூட்டிக்கிட்டு வந்து சேர்த்ததுக்குத்தான் அவரு உச்சந்தலையை நாங்க இலவசமா நட்டுக் குடுத்தோம். போய்ப் பாருங்க, எப்படி வந்திருக்குதுன்னு. பசங்களை நம்பாம நானே நட்டேனுங்க."

மச்சானிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அதுல என்ன மாப்ள தப்பு? பொண்ணு ஊட்டுல நெத்தியச் சொன்னாங்க, நான் வழி காட்டினேன். இப்பவும் காளிச்சாமி ஐயன்கிட்ட நாந்தான பேசிக்கிட்டிருக்கேன்." அதுதான் மருதாசலத்தின் வாயை அடைத்தது. பெண் வீட்டுக்கும் இவனுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரே ஆள். அவரைப் பகைத்துக்கொண்டால் லோகப்பிரியா போய்விடுவாள். விழுங்கிக்கொண்டான்.

ஒரு அமாவாசையன்று அக்காளையும் மச்சானையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார் ராசாத்தாள். மச்சான் இலையில் உட்கார்ந்த சமயம் மருதாசலத்தின் போன் அடித்தது. தெரியாத நம்பர். பின்கட்டுக்குப் போய் எடுத்தான்.

"ஏனுங்க, மருதாசலம்ங்களா? நான் கிணத்துக்கடவுல இருந்து லோகப்பிரியா பேசறேனுங்க."

அவள் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறான். "சொல்லுங்க அம்மணி."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போடலாம்னுதான் கூப்பிட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஜாதகத்தோட எதுக்குங்க கம்ப்யூட்டர்ல பண்ணுன போட்டோவ அனுப்பிச்சீங்க?"

"அது நெசப் போட்டோதானுங்க!"

"அப்பா தெனமும் அந்தப் பலகை வழியாத்தான் தோப்புக்குப் போறாரு. முன்னுல இருக்கறதுதான் நெசமான நீங்களாம். பின்னுல இருக்கறது ஆஸ்பத்திரிக்காரங்க பண்ணப்போறதாம். அந்தப் பண்ணப்போற படத்தை மொதல்லயே எங்களுக்கு அனுப்பிச்சுப்போட்டு, அதுமாதிரி ஆகறதுக்குத்தான் ஒரு வருசம் டைம் கேட்டிருக்கீங்கன்னு அப்பா சொல்றாருங்க. ஏமாத்திப்போட்டாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு."

"நான் டைம் கேக்கலீங்க அம்மணி. நீங்கதானுங்களே... நெத்தி ஏறியிருக்குதுன்னு, ஒரு வருசத்துல ஏதாச்சும் பண்ணிக்கிட்டு வரச் சொல்லி உங்க ஊட்டுல..."

"எங்க ஊட்டுலயா?" என்றாள் லோகப்பிரியா. "யாருங்க சொன்னாங்க? போட்டோ வந்த அன்னிக்கே நான் சரின்னு சொல்லிட்டேனுங்க. வைகாசியிலயே வெச்சுக்கலாம்னு அப்பா உங்க மச்சான்கிட்டச் சொன்னாரு. அவருதான் பையன் தொழில் விசயமா ஒரு வருசம் பொறுக்கச் சொல்றான்னு சொன்னாரு."

மருதாசலம் எல்லாவற்றையும் சொன்னான். கோடு, நடவு, வீக்கம், உதிர்ந்தது, பலகை, மச்சானின் உச்சந்தலை, ஒன்று விடாமல் சொன்னான்.

"நம்பறேனுங்க" என்றாள் கடைசியில். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?"

"நடுவுல மச்சான் இருக்கறாரேன்னுதானுங்க..."

"நாங்களும் அதுக்குத்தானுங்க கேக்கலை."

"இப்ப உங்க அப்பாகிட்ட நான் வந்து சொன்னா?"

"பொள்ளாச்சியில எடம் நிச்சயம் ஆயிருச்சுங்க. அடுத்த மாசம் கல்யாணம். அதுக்கு முன்னால உங்க வாயால ஒரு தடவை கேட்டுப்போடோணும்னு தோணுச்சு, அதான்."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் மருதாசலம் கேட்டான். "மாப்பிள்ளைக்கு முடியெல்லாம்...?"

"முழு வழுக்கைங்க" என்றாள் லோகப்பிரியா. "போட்டோவுலயே அப்படித்தான் இருந்தாருங்க."

"நல்லா இருங்க அம்மணி" என்று சொல்லி அவன் போனை வைத்தான். மரியாதையாகத்தான் சொன்னான். வைத்தபின் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். தலை போனதற்கு அழவில்லை. சரி என்று சொன்ன ஒரு பெண்ணை, சொல்லவில்லை என்று நம்பி ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தானே, அதற்கு அழுதான்.

"கண்ணு, மருதாசலம்! மச்சானுக்குப் பருப்பு போட்டாச்சு, நெய் ஊத்து வா" என்று உள்ளே இருந்து அம்மா கூப்பிட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அடுப்படியில் உருக்கி ஆறவைத்திருந்த நெய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு பந்திக்கு வந்தான். நவநீத் இலைக்கு முன்னால் குனிந்து பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். மேலே நின்று பார்த்தபோது மச்சானின் உச்சந்தலை நன்றாகத் தெரிந்தது. ஒரு இடைவெளி இல்லை, எல்லா முடியும் ஒரே பக்கம் பார்த்து, கருகருவென்று அடர்ந்திருந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை.

"ஊத்து மாப்ள" என்றார் நவநீத், நிமிராமல்.

மருதாசலம் சொம்பைச் சாய்த்தான். நெய் அந்த உச்சந்தலையில் விழுந்து, நாலா பக்கமும் பரவி, காதுக்கும் கழுத்துக்கும் சட்டைக்குள்ளும் இறங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ராசாத்தாள் கரண்டியோடு அப்படியே நின்றார். சொம்பு காலியாகும் வரைக்கும் ஊற்றிவிட்டு, விருந்தாளியைக் கேட்க வேண்டிய முறைப்படி, மருதாசலம் குனிந்து கேட்டான்.

"போதுங்களா மச்சான்?"